வாசகர் கேள்வி–பதில்: இணையவழி வகுப்பில் பிள்ளைகளைப் பேச வைப்பது எப்படி?

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டபோது தொடங்கிய இணையவழிக் கற்பித்தல், 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது மீண்டும் தலைகாட்டியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தின் வீதிகளையும் குடியிருப்புகளையும் சரித்துவிட்டுப் போன பிறகு, ஆசிரியர்களின் பேச்சில் அது மறுபடியும் இடம்பிடித்துவிட்டது. அது தொடர்பாக வந்த கடிதங்களுக்கே இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியுள்ளேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்துள்ளேன்.

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 10க்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். பாதை தடைப்படும் நாட்களிலும் விடுமுறையிலும் காலை எட்டரைக்கு சூம் வகுப்பு வைக்கிறேன். முப்பத்தாறு பேரில் பன்னிரண்டு பேர் வந்தால் பெரிய காரியம். வந்தவர்களும் கமராவைத் திறப்பதில்லை. "விளங்குகிறதா?" என்று கேட்டால் ஒரே ஒரு பிள்ளை "விளங்குது டீச்சர்" என்று சொல்லும், அவ்வளவுதான். சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– விஞ்ஞான ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: உங்கள் கடிதத்துக்குள் இரண்டு பிரச்சினைகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன, சகோதரி. வராத இருபத்துநான்கு பேரின் பிரச்சினை வேறு, வந்தும் வாய் திறக்காத பன்னிரண்டு பேரின் பிரச்சினை வேறு. முதலாவதற்கு வகுப்பு நேரத்துக்குள் பரிகாரம் கிடையாது; பிள்ளை பிள்ளையாக விசாரித்துத்தான் அதைத் தீர்க்க வேண்டும்.

காலை எட்டரைக்குப் பல வீடுகளின் ஒரே ஸ்மார்ட் போன், பெரட்டுக்கு (காலை வேலைப் பதிவுக்கு) போய் மலையேறிவிட்ட அம்மாவிடமோ கொழும்புக் கடையில் வேலை செய்யும் அப்பாவிடமோ இருக்கும். போன் வீட்டில் இருந்தாலும் சிக்னல் வீட்டில் இருக்காது. லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே உள்ள தேயிலை மலையில் ஏறினால்தான் அது கிடைக்கும். மழை தூறத் தொடங்கினால் பிள்ளை அங்கிருந்து இறங்கி ஓடிவிடும். ஆகவே முதல் வேலையாக ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேரேயும் நான்கு விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: போன் யாருடையது, அது எத்தனை மணிக்குப் பிள்ளையின் கைக்கு வருகிறது, சிக்னல் எங்கே கிடைக்கிறது, அதே போனுக்காக வீட்டில் இன்னும் எத்தனை பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். வராத பிள்ளைகளைப் பற்றி வந்த பிள்ளைகளிடம் கேட்டாலே பாதித் தகவல் கிடைத்துவிடும். தோட்டத்தின் ஒரே டிவிஷனில் வாழும் பிள்ளைகளுக்கு ஒருவரின் நிலைமை மற்றவருக்குத் தெரியாமல் இராது. இந்த விவரம் கையில் இல்லாமல் போடப்படும் நேரசூசி ஆசிரியரின் வசதிக்கான நேரசூசியாகவே இருக்கும்.

அந்தப் பக்கத்தை நிரப்பிய பிறகு, நேரலை வகுப்புகளின் எண்ணிக்கையைக் குறைக்கவே நீங்கள் முடிவெடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். பாடத்தின் விளக்கத்தைச் சிறு குரல் பதிவுகளாகவும், கையால் வரைந்த ஒரு படமாகவும் வட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே போட்டுவிடலாம். அவை இரவு எட்டு மணிக்குப் போன் கிடைக்கும் பிள்ளைக்கும் கிடைக்கும். சூம் வகுப்பை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து, அதிகம் பேருக்குப் போன் கிடைக்கும் மாலைப் பொழுதில் வைக்கலாம். இலவசக் கணக்கில் நாற்பது நிமிடத்தில் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும் என்று பல ஆசிரியர்கள் குறைப்படுகிறார்கள். எனக்கோ அந்த வரம்பு பிள்ளைகளுக்கு நல்லதாகவே படுகிறது.

டேட்டாக் கணக்கையும் பாருங்கள். சூம் நிறுவனம் தரும் அளவுகளின்படி குரலுக்கு மட்டும் என்றால் செக்கனுக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும். தெளிவான குழு வீடியோவுக்கு 600 கிலோபிட் அளவில் வேண்டும். மணித்தியாலக் கணக்கில் பெருக்கினால், குரலை மட்டும் கேட்கும் பிள்ளைக்கு அதிகபட்சம் 36 மெகாபைட்டும், வீடியோவையும் பெறும் பிள்ளைக்கு அதன் மேல் ஏறத்தாழ 270 மெகாபைட்டும் செலவாகும். வணக்கம் சொல்லும் இரண்டு நிமிடம் உங்கள் முகத்தைக் காட்டிவிட்டுக் கமராவை அணைத்துவிடுங்கள். உங்கள் முகத்தைத் தொடர்ந்து காட்டுவது மரியாதைக்காக என்றால், அந்த மரியாதைக்கான செலவு தோட்டத்து வீட்டின் ரீலோட் காசிலிருந்துதான் போகிறது.

இனி, பேசாத பன்னிரண்டு பேர். "விளங்குகிறதா?" என்ற கேள்விக்கு "விளங்கவில்லை" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லத் துணியும் பிள்ளை வகுப்பறையிலேயே அரிது. அந்தக் கேள்வியைக் கைவிட்டுவிட்டு, விடை தேவைப்படும் கேள்வியைக் கேளுங்கள். கேட்ட பிறகு காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டினால் விடைகள் நீள்வதையும், வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுவதையும் 1970களில் எடுத்துக்காட்டினார். அது நேருக்கு நேர் வகுப்பின் அளவு. போனில் மைக்கைத் திறக்க வேண்டும், குரல் வந்து சேரவும் நேரமெடுக்கும். ஆகவே மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்து செக்கன் உங்களுக்கு மிக நீளமாக இருக்கும். பிள்ளைகளுக்கு அப்படி இராது, அவர்கள் யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. எல்லோரையும் விடையை அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்யச் சொல்லி, "நான் சொல்லும்வரை அனுப்ப வேண்டாம்" என்று நிறுத்தி, ஒரே நேரத்தில் அனுப்பச் சொல்லுங்கள். முதலில் எழுதும் கெட்டிக்காரப் பிள்ளையின் விடையைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவது இதனால் நின்றுவிடும், பிழையாக எழுதிய பிள்ளையும் தனித்துத் தெரியாது. தமிழைத் தட்டச்சு செய்யச் சிரமப்படும் பிள்ளை விடையின் இலக்கத்தை மட்டும் அனுப்பட்டும்.

ஆனால் கேள்வியே சப்பென்று இருந்தால் இந்த உத்திகள் எவையும் பலன் தராது. உங்கள் பாடத்திலிருந்தே ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். திரவ அமுக்கத்துக்கு ஒரு பிளாஸ்டிக் போத்தல் போதும். அதன் ஒரே பக்கத்தில் கீழே, நடுவே, மேலே என மூன்று துளைகள் வேண்டும். ஆணியைச் சூடாக்கித் துளையிடுவதை வீட்டுப் பெரியவர் ஒருவர் செய்து கொடுக்கட்டும். நேரலை வகுப்புக்கு இரண்டு நாள் முன்னதாகக் குழுவில் இப்படிக் கேளுங்கள்: "போத்தலை நிரப்பித் துளைகளைத் திறந்தால் எந்தத் துளையின் தண்ணீர் அதிக தூரத்தில் விழும்? முதலில் ஊகத்தை எழுதுங்கள். பிறகு செய்து பார்த்து, போத்தலை எங்கே வைத்துச் செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்."

ஆழம் கூடக் கூட அமுக்கம் கூடும் என்று படித்த பிள்ளை கீழ்த் துளை என்று எழுதும். போத்தலை இஸ்தோப்பின் (வீட்டு முன்திண்ணையின்) விளிம்பிலோ உயரமான கல்லின் மேலோ வைத்துச் செய்த பிள்ளைக்கு அப்படியே நடக்கும். தரையிலேயே வைத்துச் செய்த பிள்ளைக்கோ நடுத் துளையின் தண்ணீர்தான் தூரம் போகும். கீழ்த் துளையின் தண்ணீர் எல்லாவற்றையும்விட வேகமாகப் புறப்பட்டாலும், விழுவதற்கு உயரம் போதாமல் சீக்கிரமே நிலத்தைத் தொட்டுவிடும். இப்போது உங்கள் கையில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு வகை விடைகள் இருக்கின்றன. இரண்டும் பிள்ளைகள் கண்ணால் கண்டவை. நேரலை வகுப்பை இந்த முரண்பாட்டிலிருந்தே தொடங்கி, "இரண்டு பேரும் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள், பிறகு ஏன் விடை வேறுபடுகிறது?" என்று கேளுங்கள். தன் போத்தலுக்காக வாதாட வேண்டிய பிள்ளை மைக்கைத் திறக்கும். தண்ணீர் விழும் இடத்தைப் பார்ப்பதை விட்டு, துளையின் வாயில் அது எவ்வளவு வேகமாக வெளிவருகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்ற இடத்துக்கு அவர்களே வந்துசேர்ந்தால், அமுக்கத்தோடு எறியத்தின் (எறியப்பட்ட பொருளின் இயக்கத்தின்) அரிச்சுவடியும் கூடவே கிடைத்துவிடும்.

நேரலை வகுப்புக்கு எதை ஒதுக்குவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். பிள்ளைகளுக்குள் கருத்து வேறுபாடு எழக்கூடிய பகுதி நேரலைக்கு உரியது. வரைவிலக்கணமும் சமன்பாடும் குரல் பதிவில் போகட்டும். வராத இருபத்துநான்கு பேரும் போத்தல் கேள்வியில் பங்குகொள்ளலாம் என்பதைக் கவனியுங்கள். அவர்களது விடைகளை நீங்கள் நேரலையில் பெயர் சொல்லி வாசித்தால், வகுப்புக்கு வராமலே அவர்கள் வகுப்பில் இருப்பார்கள்.

கேள்வி: இந்தக் கடிதத்தை அம்மா சொல்லச் சொல்ல மூத்த மகளாகிய நான் எழுதுகிறேன். அம்மா கொழுந்து பறிக்கிறார், அப்பா கொழும்பில் இருக்கிறார். நான் தரம் 11, தம்பி தரம் 8, தங்கச்சி தரம் 5. வீட்டில் ஒரே போன். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு வைக்கிறார்கள். ரீலோட் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாத அம்மா எங்களுக்கு எப்படி உதவலாம் என்று கேட்கச் சொன்னார்.
– மஸ்கெலியாவிலிருந்து ஒரு குடும்பம்

பதில்: அம்மாவுக்கு முதலில் வணக்கம். நேரங்கள் ஒன்றோடொன்று மோதுவதைத் தீர்க்க வேண்டியவர்கள் நீங்கள் அல்லர், பாடசாலைதான். மூன்று வகுப்பாசிரியர்களுக்கும் ஒரே செய்தியை அனுப்புங்கள்: வீட்டில் ஒரே போன், மூன்று பிள்ளைகள், போன் இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை கையில் இருக்கும். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. இப்படிச் சொல்லாத குடும்பங்களின் பிள்ளைகளைத்தான் ஆசிரியர்கள் அக்கறையற்றவர்கள் என்று எண்ணிவிடுகிறார்கள்.

நேரலை வகுப்புகளில் இரண்டு மோதினால், மகளே, கேள்வி கேட்க வாய்ப்புள்ள வகுப்புக்கு முன்னுரிமை கொடுங்கள். ஆசிரியர் மட்டுமே பேசும் வகுப்பின் குறிப்பைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். பாடநூல்களின் மென்பிரதிகள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக உள்ளன; கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்திலும் தமிழ் மொழியில் பாடங்கள் உண்டு. நல்ல சிக்னல் கிடைக்கும் நாளில், அல்லது ஹட்டனுக்குப் போகும் யாராவது ஒருவர் மூலம், தேவையான அலகுகளை ஒரே தடவையில் இறக்கிப் போனில் சேமித்து வைத்தால் பிறகு டேட்டா இல்லாமலே வாசிக்கலாம். வட்ஸ்அப் அமைப்புகளில் படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். குடும்பக் குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்கள் தின்னும் டேட்டா கொஞ்சநஞ்சமல்ல.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். எழுத்து தெரியாத தாய் பிள்ளையின் படிப்புக்கு உதவ முடியாது என்பதை நான் ஏற்பதில்லை. இரவு சமைக்கும்போது ஒவ்வொரு பிள்ளையையும் அடுப்படியில் உட்காரவைத்து, "இன்றைக்கு என்ன படித்தாய், எனக்கு விளங்குகிற மாதிரிச் சொல்" என்று கேளுங்கள், அம்மா. பிள்ளை சொல்லும்போது "ஏன் அப்படி?" என்று இரண்டு இடத்தில் குறுக்கிட்டுக் கேளுங்கள். ஒரு விடயத்தைப் படிக்காதவருக்கு விளங்கவைக்க முற்படும் பிள்ளைக்குத் தனக்கு எது தெரியவில்லை என்பது அந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும். தங்கச்சியின் தரம் 5 கணக்குகளில் கொழுந்தின் நிறையும் நாட்சம்பளமும் வருகிற மாதிரிக் கேள்விகளை அம்மாவே போடலாம். அந்தக் கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

கேள்வி: கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெறுகிறேன். கற்பித்தல் வீடியோக்கள் தயாரிக்க ஆசை. எத்தனை நிமிடம் இருக்க வேண்டும்? பவர்பொயின்ட் நல்லதா, எழுதிக் காட்டுவது நல்லதா?
– ஆசிரிய பயிலுநர், கொட்டகலை

பதில்: ஆறு நிமிடத்துக்குள் முடியுங்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடநெறிகளில் 69 இலட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வொன்றில், மாணவர்கள் கடைசிவரை ஈடுபாட்டோடு பார்த்தவை பெரும்பாலும் ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட வீடியோக்களே. அசையாத ஸ்லைடுகளைவிடக் கையால் எழுதிக்கொண்டே விளக்கியவை அதிக ஈடுபாட்டைப் பெற்றன. நீண்ட பாடமாயின் அதை இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கேள்வியை வையுங்கள். ஸ்லைடு போடுவதாயின் அதிலுள்ள வசனங்களை அப்படியே வாசிக்க வேண்டாம். ஒரே வசனத்தைக் கண்ணும் காதும் ஒருசேரப் பெறும்போது கற்றல் கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது என்பதை ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளரின் ஆய்வுகள் காட்டுகின்றன. படத்தைக் காட்டி, விளக்கத்தை வாயால் சொல்லுங்கள்.

இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே கீழ்நோக்கி வைத்த போனும், அதன் கீழே ஒரு வெள்ளைத்தாளும், தடித்த பேனையும் இருந்தால் உங்கள் ஸ்டூடியோ தயார். படம் கொஞ்சம் மங்கினாலும் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் தெளிவில்லாவிட்டால் விலகிவிடுவார்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது பதிவு செய்யாதீர்கள். அவசரமாயின் போர்வைக்குள் தலையைவிட்டுப் பேசுங்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் குரல் தெளிவாகப் பதியும்.

கேள்வி: தரம் 3 பிள்ளைகளுக்கு இணையவழியில் எப்படித்தான் கற்பிப்பது? சூமில் பத்து நிமிடம்கூட இருக்க மாட்டார்கள். அவர்களில் பலரது வீடுகளில் சாதாரண பட்டன் போன்தான் இருக்கிறது.
– ஆரம்பப்பிரிவு ஆசிரியர், இராகலை

பதில்: அந்தப் பட்டன் போனே போதும் என்றுதான் நான் சொல்வேன். 2020இல் பொட்சுவானாவில் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்தில் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 4,500 குடும்பங்களில் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையான பிள்ளைகளின் வீடுகளுக்கு வாரந்தோறும் எளிய கணக்குகள் குறுஞ்செய்தியாகப் போயின. சில குடும்பங்களுக்கு அதோடு, கற்பிப்பவர் ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை 15 முதல் 20 நிமிடம் தொலைபேசியில் பேசினார். குறுஞ்செய்தி மட்டும் பெற்ற பிள்ளைகளிடம் உறுதியான முன்னேற்றம் தெரியவில்லை. அழைப்பும் பெற்ற பிள்ளைகள் கணக்கில் தெளிவாக முன்னேறினார்கள். பின்னர் இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ், கென்யா, உகண்டா ஆகிய நாடுகளிலும் இந்த முறை பரிசோதிக்கப்பட்டுப் பலன் தந்தது. இணையமே தேவைப்படாத முறை இது என்பதைக் கவனியுங்கள்.

அழைப்பில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நலம் விசாரித்து முடித்ததும் ஒரு சிறு கணக்கைக் கொடுங்கள்: "நாற்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழி." விடையைவிட அது எப்படி வந்தது என்பதே உங்களுக்கு வேண்டும். பிள்ளை முப்பத்தைந்து என்று சொன்னால், இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். அடுத்த ஐந்து நிமிடம் எதைக் கற்பிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். முப்பது பேர் கொண்ட வகுப்பறையில் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கச் சில வேளை ஒரு தவணையே ஆகும். அடுத்த வாரக் கணக்கைச் சற்றுக் கடினமாக்குவதா, இலகுவாக்குவதா என்பதையும் அந்த விடையை வைத்தே முடிவு செய்யுங்கள்.

வகுப்பிலுள்ள எல்லோருக்கும் ஒரே ஆசிரியர் வாரந்தோறும் அழைப்பது நடக்காத காரியம். அழைப்புக் கட்டணமும் ஆசிரியரின் சட்டைப்பையிலிருந்தே போகக்கூடாது. மிகவும் பின்தங்கிய எட்டுப் பத்துப் பிள்ளைகளை மட்டும் தெரிந்தெடுங்கள். தோட்டத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் அக்காமார், அண்ணன்மார் நிச்சயம் இருப்பார்கள். அவர்களில் இருவரைப் பழக்கி, ஆளுக்குச் சில பிள்ளைகளை ஒப்படைக்கலாம். கட்டணத்துக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமோ பழைய மாணவர்களிடமோ கேளுங்கள். கேட்கப்படும் தொகை சிறியது, போய்ச்சேரும் பிள்ளையின் பெயரையும் சொல்லலாம் என்பதால் மறுக்க மாட்டார்கள்.

கேள்வி: நான் உயர்தரக் கலைப்பிரிவு மாணவி. பல நூறு பேர் சேர்கிற இணையவழி டியூஷன் வகுப்பொன்றில் புவியியல் படிக்கிறேன். சேர் மிக அழகாகச் சொல்லித் தருவார். கேட்கும்போது எல்லாம் விளங்கும். பரீட்சைத் தாளைக் கண்டால் ஒன்றும் எழுத வருவதில்லை. பதிவை மூன்று தடவை திரும்பப் பார்த்தும் பயனில்லை.
– மாணவி, பசறை

பதில்: நான்காவது தடவை பார்க்காதீர்கள், தங்கச்சி. திரும்பத் திரும்பப் பார்க்கும்போது பாடம் பழகிப்போகிறது. பழகியதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பந்தியை இருமுறை வாசித்தார்கள், மற்றவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை வாசித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: நினைவிலிருந்து எழுதியவர்கள் 56 வீதத்தையும் இருமுறை வாசித்தவர்கள் 42 வீதத்தையும் நினைவில் வைத்திருந்தார்கள். உங்களுக்கு நடப்பது இதேதான்.

வகுப்பு முடிந்ததும் போனையும் கொப்பியையும் மூடிவைத்துவிட்டு, வெறுந்தாள் ஒன்றில் பத்து நிமிடம் நினைவில் உள்ளதை எல்லாம் எழுதுங்கள். மண்சரிவு பற்றிய பாடமாயின் சரிவின் கோணம், மண்ணின் தன்மை, நீர் வடிந்தோட வழியில்லாமை, வெட்டப்பட்ட மரங்கள் என்று காரணங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஊரில் நீங்களே பார்த்த ஓர் இடத்தை உதாரணமாக எழுதுங்கள். பிறகு கொப்பியைத் திறந்து, விட்டுப்போனவற்றைச் சிவப்புப் பேனையால் சேருங்கள். மூன்று நாள் கழித்து அதையே மீண்டும் எழுதினால் சிவப்பு குறைந்திருக்கும். பதிவைத் திரும்பப் பார்ப்பதாயின் அந்தச் சிவப்புப் பகுதிகளுக்காக மட்டும் பாருங்கள், டேட்டாவும் மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமைகளில் கடந்தகால வினாத்தாளிலிருந்து ஒரே ஒரு கட்டுரை வினாவை மணிக்கூட்டைப் பார்த்து எழுதி, அதைப் பாடசாலையில் உங்கள் புவியியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். பல நூறு பேருக்குப் பேசுகிற சேர் உங்கள் விடையை வாசிக்க மாட்டார். அது அவர் குற்றமில்லை, அந்த வகுப்பின் அளவு அப்படி. விடையைத் திருத்தி, எங்கே புள்ளி போகிறது என்று சொல்லும் ஒருவர் உங்கள் பாடசாலையிலேயே இருக்கும்போது, அவரை விட்டுவிட்டுப் பதிவையே நம்பியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: இணையவழி வகுப்பில் கமராவைக் கட்டாயமாக்கினால் ஒழுங்கு வரும் என்கிறார்கள் என் ஆசிரியர்களில் சிலர். வகுப்பு நடந்ததற்குச் சான்றாகத் திரையைப் படமெடுத்துப் பாடசாலையின் முகநூல் பக்கத்தில் போடவும் விரும்புகிறார்கள். உங்கள் கருத்து என்ன?
– அதிபர், ஹப்புத்தளை

பதில்: இரண்டுமே வேண்டாம், ஐயா.

அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 2020இல் மாணவர்களிடம் கமராவைத் திறக்காததற்குக் காரணம் கேட்டபோது, தம் தோற்றம் பற்றிய கூச்சமே முதன்மையான காரணமாக வந்தது. பின்னால் வீட்டாரும் வீடும் தெரிவது, இணைப்பு பலவீனமாக இருப்பது ஆகியனவும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. பல்கலைக்கழக மாணவர்களுக்கே அப்படியென்றால், ஒரே காம்பராவில் (அறையில்) ஆறு பேர் வாழும் வீட்டின் பதினான்கு வயதுப் பெண்பிள்ளை, பின்னால் உடை மாற்றும் அக்காவையும் உறங்கும் தாத்தாவையும் வைத்துக்கொண்டு கமராவைத் திறக்க வேண்டும் என்று கட்டளையிடுவது நியாயமாகாது. விரும்பிய பிள்ளை திறக்கட்டும். கவனிக்கிறார்களா என்று தெரிய வேண்டுமாயின், ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரும் விடை அனுப்ப வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். முகத்தைக் காட்டிக்கொண்டே வேறெங்கோ இருக்கும் பிள்ளையும் அதில் பிடிபடும்.

முகநூல் விடயத்தில் நான் இன்னும் கண்டிப்பாகவே சொல்வேன். திரையிலிருந்து எடுத்த படத்தில் பிள்ளைகளின் முழுப்பெயரும் முகமும் சேர்ந்தே இருக்கும், சில வேளை தொலைபேசி இலக்கமும் இருக்கும். அவற்றைப் பொதுவெளியில் போட பெற்றோரின் அனுமதி உங்களிடம் இல்லை. வலயக் கல்விப் பணிமனைக்குச் சான்று தேவைப்பட்டால், வரவுப் பட்டியலையும் பிள்ளைகளின் விடைகளில் இரண்டு மூன்றையும் கோப்பில் வையுங்கள். வகுப்பு வட்ஸ்அப் குழுக்களிலும் ஆசிரியர்கள் மட்டுமே செய்தி இடக்கூடியவாறு மாற்றிவைப்பதோடு, பிள்ளையின் இலக்கத்துக்குப் பதிலாக முடிந்தவரை பெற்றோரின் இலக்கத்தையே சேருங்கள். குழுவிலிருந்து இலக்கத்தை எடுத்துப் பெண்பிள்ளைகளுக்கு அழைப்பெடுத்துத் தொல்லை கொடுத்த சம்பவங்களைப் பற்றி வேறு இரண்டு கடிதங்களில் பெற்றோர் எழுதியிருக்கிறார்கள். அப்படி ஏதும் நடந்தால் மறைக்காமல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அறிவிக்கலாம் என்பதை அடுத்த பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.